சாவா மூவாப் பேராடும் கன்றுமேய்பாழும்

சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் அடிக்கடி தட்டுப்படும் தொடர், 'சாவா மூவாப் பேராடு'. கோயிலில் ஒரு விளக்கு அணையாமல் எரியவேண்டும் என்று ஒருவர் 96 ஆடுகள் கொடுக்கிறார். ஆடுகள் ஓர் இடையரின் பொறுப்பில் விடப்படுகின்றன. அவர் தினம் ஓர் உழக்கு நெய் அளக்கவேண்டும், சூரியனும் சந்திரனும் உள்ளவரை. ஆடு கிழடாகும், சாகும் என்பது கல்லில் வெட்டியவனுக்குத் தெரியாததல்ல. செத்ததன் இடத்தில் மந்தையில் பிறந்த குட்டி நிற்கும், எண்ணிக்கை 96க்குக் கீழே இறங்காது என்பதுதான் ஏற்பாடு. பக்தர்கள் இதில் பக்தியைப் பார்க்கிறார்கள். நம் கவிகள் கண்ணில் பட்டால் படிமமாக்கிவிடுவார்கள். நான் வங்கியில் கணக்கு எழுதிப் பிழைப்பவன். எனக்கு இது அசல் என்ற ஒன்றைப் பற்றிய மிகக் கறாரான ஒரு வரையறையாகப் படுகிறது.

தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டிவைத்த கணக்கு இன்னும் துல்லியமானது. ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. அதாவது ஒரு பசுவுக்கு இரண்டு ஆடு ஈடு. ஓர் எருமைக்கு ஆறு ஆடு. 'ஆடவல்லான்' என்று பெயரிட்ட மரக்காலால் நெய் அளக்கவேண்டும். நாலு உழக்கு ஒரு நாழி. வருஷத்துக்கு 365 உழக்கு என்றால் 91¼ நாழி. இதை 96 ஆட்டின் மேல் பங்கிட்டுப் பார்த்தால் ஓர் ஆட்டுக்கு வருஷம் ஒரு நாழிக்கும் சற்றுக் குறைவான நெய்தான் பாக்கி விழுகிறது. மிச்சப் பால், தயிர், குட்டிகளின் பெருக்கம், வயலில் அடைத்துப் பெறும் எருவின் கூலி, இவற்றைப் பற்றிக் கல் வாய் திறக்கவில்லை. அவை இடையருடையவை என்றே கொள்ளவேண்டும்.

இதே கோயில் பணமும் கடன் கொடுத்தது. கிராம சபைகளுக்குக் கொடுத்த காசுக்கு வருஷ வட்டி காசொன்றுக்கு அரைக்கால் காசு. இன்றைய பாஷையில் 12½ சதவீதம். ஜார்ஜ் ஸ்பென்ஸர் என்ற அமெரிக்கச் சரித்திரக்காரர் 1968இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்த இரண்டையும், தஞ்சைக் கோயிலின் பணக்கடனையும் கால்நடைப் பங்கீட்டையும், ஒரே ஏற்பாட்டின் இரண்டு கைகளாகப் பார்த்தார். கோயில் என்பது செல்வம் போய் அடையும் குழியல்ல, அது திரும்பிக் கிராமங்களுக்குள் பாயும் மதகு என்பது அவர் பார்வை. எனக்கு உடன்பாடுதான். ஆனால் அவர் போன தூரத்துக்கு அப்பால் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. காசு வட்டியைப் பெற்றது நெல் விளைச்சலிலிருந்து. ஆடு நெய்யைப் பெற்றது எதிலிருந்து? புல்லிலிருந்து. அந்தப் புல் யார் கணக்கில் இருந்தது?

விடை அதே கோயிலின் சுவரிலேயே, வேறு கல்வெட்டில் இருக்கிறது. கோயிலுக்கு விட்ட ஊர்களின் நிலத்தை அளந்து, வரி இல்லாத இடங்களை ஒவ்வொன்றாகக் கழிக்கிறார்கள். ஊர் நத்தம், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், சுடுகாடு, பறைச்சேரி, தீண்டாச்சேரி. (அந்தக் காலத்துக் கிராமத்தைப் பொற்காலமாக எழுதுகிறவர்கள் இந்தப் பட்டியலை முழுக்க வாசித்துவிட்டு எழுதலாம்.) இந்த வரிசையில் வருகிறது 'கன்றுமேய்பாழ்'. கன்று மேயும் பாழ் நிலம். வரிக்கணக்கிலிருந்து அதை எடுத்துவிடுகிறார்கள், ஆனால் இன்ன காரியத்துக்கு என்று பெயர் சொல்லி எடுக்கிறார்கள். ஆடு சாவா மூவா என்று ஒரு சுவரில் எழுத முடிந்தது, புல்மேல் கை வைப்பதில்லை என்று இன்னொரு சுவரில் எழுதியதால்தான் என்பது என் கட்சி. முதல் கல்வெட்டைப் பற்றிப் பேசும் அளவுக்கு யாரும் இரண்டாவதைப் பேசுவதில்லை.

இந்த இடத்தில் ஒரு தடுப்பு போடவேண்டும். 'பார்த்தீர்களா, உலகம் இப்போது கண்டுபிடித்ததை நாம் ஆயிரம் வருஷம் முன்பே' என்று ஒரு மேடைக்குரல் கிளம்புவது எனக்குக் கேட்கிறது. அப்படியில்லை. சாவா மூவா என்பதன் மறுபக்கம், மந்தையில் நோய் விழுந்தால் நஷ்டம் முழுக்க இடையருடையது என்பது. கொடுத்தவருக்குப் புண்ணியம், கோயிலுக்கு நெய், இடர்ப்பாடு மட்டும் மேய்ப்பவருக்கு. அவர் தவறினால் என்ன என்பதற்கு 'புணை' என்று ஜாமீன் நின்றவர்களின் பெயர்களும் கல்லில் உண்டு. மாட்டேன் என்று சொல்லும் சுதந்திரம் அந்த இடையர்களுக்கு இருந்ததா என்று கல்லை வைத்துச் சொல்ல முடியாது. அரசன் பங்கிட்டான், அவர்கள் பெற்றார்கள். ஆனாலும் இடர்ப்பாட்டோடு பெருக்கமும் அவர்களிடமே விடப்பட்டது, புல்லுக்கு விலை வைக்கப்படவில்லை என்ற இரண்டும் சேர்ந்துதான் அந்த ஒப்பந்தத்தைத் தாங்கக்கூடியதாக்கின. இந்த இரண்டில் ஒன்றை உருவினால் என்ன ஆகும் என்பதுதான் பிந்திய சரித்திரம்.

கல்வெட்டுகளில் இந்த மேய்ப்பர்களுக்கு இன்னொரு பெயர் 'மன்றாடி'. இன்றைக்கு மன்றாடுதல் என்றால் கெஞ்சுதல். இரண்டும் ஒரே சொல்லா என்பது அகராதிக்காரர்கள் பாடு. ஆனால் கொங்கு நாட்டில் அது பட்டமாகத் தங்கியது. காங்கேயம் பக்கத்துப் பழையகோட்டைப் பட்டக்காரர்கள் மன்றாடியார்கள். காங்கேயம் மாட்டைப் பற்றி எழுதுகிற யாரும் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியாரைத் தாண்டிப் போக முடியாது. மாட்டினத்தைத் தேர்ந்து பெருக்கியதில் அந்தப் பண்ணையின் பங்கு பெரியது. பிறக்கும்போது செம்மையாக இருந்து ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும் கன்றுகள். மயிலை, காரி, செவலை, பிள்ளை என்று நிறத்தை வைத்தே பெயர்கள். இவை யாவும் மாட்டைப் பற்றியவை. மாட்டுக்குக் கீழே இருந்தது கொறங்காடு.

கொறங்காடு என்பது காடல்ல. தாராபுரம், காங்கேயம், மூலனூர், வெள்ளகோவில், அரவக்குறிச்சிப் பக்கங்களில், மழை குறைந்த மேட்டு நிலத்தில், கிளுவை வேலி கட்டி அடைத்த தனியார் புல்வெளி. உள்ளே கொழுக்கட்டைப் புல். இடையிடையே வெள்வேல மரம். மழைக்குப் பின் பச்சைப் புல், கோடையில் நின்றபடியே காய்ந்த புல், அதுவும் தீர்ந்தால் வெள்வேலங்காய். வேலியடைத்த ஒரு துண்டில் மாட்டை விட்டு, இன்னொரு துண்டைச் சாத்திவைத்து, புல் எழுந்தபின் மாற்றுவார்கள். சில வருஷத்துக்கு ஒருமுறை உழுது சோளமோ கொள்ளோ விதைத்து மறுபடி புல்லுக்கு விடுவார்கள். செம்மறியும் மாடும் ஒரே நிலத்தில், ஆளுக்கொரு உயரத்தில் மேயும். அதிகம் பேர் வேண்டாம். வேலி இருந்தால் மாடு தானே மேய்ந்துகொள்ளும். இதற்கு எந்தப் பெருந்திட்டமும் காரணமல்ல. மழை குறைவு, நெல் இல்லை, கவலை ஏற்றவும் வண்டி இழுக்கவும் காளைக்கு நல்ல விலை. கண்ணபுரத்துச் சந்தையில் சித்திரையில் போய் நிற்கும் காளைக்குப் பின்னால் ஒரு கிளுவை வேலி இருந்தது. நம் பக்கத்தில் மணப்பாறைச் சந்தை 1957இல் மருதகாசியின் சினிமாப் பாட்டால் உலகப் பிரசித்தம். புல்லைப் பற்றி அப்படி ஒரு பாட்டு கிடையாது.

இந்த வேலிகளை வெள்ளைக்காரர்கள் கவனித்தார்கள். இங்கிலாந்திலிருந்து விவசாய ரசாயன நிபுணராக 1889இல் வந்து சுற்றிய வோல்க்கர், 1893இல் வெளியான தன் அறிக்கையில் கோயமுத்தூர் ஜில்லாவின் வேலியடைத்த நிலங்களைப் பாராட்டுகிறார். அதற்கு முன்பே 1887இல் அந்த ஜில்லாவுக்கு மானுவல் எழுதியவர் பிரடெரிக் நிக்கல்ஸன். எங்கள் தொழிலில் நிக்கல்ஸன் ஒரு மூலபுருஷர். சென்னை மாகாணத்தில் விவசாய பாங்குகள் அமைப்பது பற்றி 1895லும் 1897லும் இரண்டு தொகுதிகளாக வந்த அவர் அறிக்கைதான் இந்தியக் கூட்டுறவுக் கடனின் தொடக்கம். ஜெர்மனியில் ரைஃபைஸன் செய்த மாதிரி, ஒரு கிராமத்தார் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றுக் கடன் வாங்கும் சங்கம்தான் வழி என்று அவர் கண்டார். பழைய 'புணை'தான், ஜெர்மனி வழியாகத் திரும்பி வந்தது.

புல்வேலியை அறிந்த ஒரு மனிதரும் கடனை அறிந்த ஒரு மனிதரும் ஒரே ஆளாக இருந்தும், 1904இல் வந்த சட்டம் கடன் சங்கத்துக்கு மட்டுமே இடம் தந்தது. மேய்ச்சலுக்குச் சங்கம் அதில் இல்லை. கடன் ஆளுக்கு, ஆளிடம் நிலம் இருந்தால் இன்னும் நல்லது. இடையில் ரயத்துவாரிக் கணக்கு கன்றுமேய்பாழை 'புறம்போக்கு' ஆக்கியிருந்தது. மேய்க்கால் புறம்போக்கு, மந்தைவெளி என்று உட்பிரிவுகள் இருக்கத்தான் செய்தன. ஆனால் இரண்டு பெயர்களுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிக்கவேண்டும். ஒன்று அந்த நிலம் எதற்கு என்று சொல்கிறது. மற்றது அது கணக்குக்கு வெளியே போனது என்று சொல்கிறது. கணக்குக்கு வெளியே போனதன் மேல் யார் வேண்டுமானாலும் கண் வைக்கலாம். முதலில் வைப்பது சர்க்கார். வீட்டுமனை, பள்ளிக்கூடம், பஸ் நிலையம், தொழிற்பேட்டை, எல்லாம் அவசியமானவைதான், எல்லாம் மந்தைவெளியில்தான். 1986இல் ஜோதா என்ற பொருளாதாரக்காரர் தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களின் வறண்ட கிராமங்களை ஆராய்ந்து, முப்பது வருஷத்தில் பொதுநிலம் எவ்வளவு சுருங்கியது, அது ஏழைகளின் பிழைப்பில் எவ்வளவு பெரிய துண்டு என்று காட்டினார். உச்ச நீதிமன்றம் விழித்துக்கொண்டு, கிராமப் பொதுநிலங்களை மீட்கவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது 2011இல். அதுவும் பஞ்சாபில் ஒரு குளத்தைப் பற்றிய வழக்கில்.

இதற்குள் மாட்டுக் கடன் வந்துவிட்டது. ஒருங்கிணைந்த கிராம வளர்ச்சித் திட்டம் 1980இல் நாடு முழுக்கப் பரவியபோது, ஏழைக்குக் கொடுக்கும் சொத்து என்றால் பெரும்பாலும் கறவை மாடு. நீலகண்ட ரத் 1985இல் அதைக் கிழித்து எழுதினார்: மாட்டைக் கொடுத்துவிட்டால் வறுமை போய்விடுமா, மாடு நிற்கவும் தின்னவும் வேண்டிய சூழ்நிலை எங்கே என்ற ரீதியில். நாற்பது வருஷத்துக்குப் பிறகும் அந்தக் கேள்வியை யாரும் எடுத்துப் போடவில்லை. நான் வேலை பார்க்கும் கிளையில் கால்நடைக் கடன் தினசரிச் சடங்கு. கிசான் அட்டை கால்நடைக்கும் நீட்டப்பட்டுவிட்டது. ஒழுங்காகக் கட்டினால் வட்டி 4 சதவீதம்தான். 2025 ஜனவரி முதல் 2 லட்சம் வரை அடமானம் கேட்கக்கூடாது. ராஜராஜன் வாங்கிய வட்டியில் மூன்றில் ஒரு பங்கு. குறையே சொல்ல முடியாது. மாட்டின் காதில் மஞ்சள் பட்டை, பன்னிரண்டு இலக்க எண், இன்ஷூரன்ஸ், எல்லாம் சரி. எங்கள் படிவத்தில் தீவன வசதி என்று ஒரு வரி. அதில் நான் பார்த்தவரை எழுதப்படுவது 'உண்டு' என்ற ஒரே சொல். எங்கே, எத்தனை மாதம், யார் நிலத்தில் என்று கேட்கப் படிவத்தில் இடமில்லை.

அரியமங்கலத்தில் குடியிருப்பவர்களுக்கு அந்த 'உண்டு' என்னவென்று தெரியும். திருச்சி மாநகரத்தின் குப்பை முழுக்க வந்து சேர்ந்த சுமார் 47 ஏக்கர் கிடங்கு எங்கள் பேட்டையின் அடையாளம். சமீப வருஷங்களில் பழைய குப்பையைச் சலித்துப் பிரிக்கும் வேலை நடந்திருக்கிறது. இந்தப் பக்கத்துத் தெருக்களில் மஞ்சள் பட்டை மாட்டிய காதுகள் பிளாஸ்டிக் பைகளுக்குள் நுழைந்து வெளியே வருவதைப் பார்க்கலாம். உய்யக்கொண்டான் கரையில் புல் உண்டு, ஆனால் கரையை அடைவதற்குள் இரண்டு காம்பவுண்டுச் சுவர். இதே தஞ்சாவூர் ரோடில் கிழக்கே போனால், அறுவடைக்குப் பின் மேட்டூர்த் தண்ணீர் வரும்வரை, ராமநாதபுரம் சீமையிலிருந்து வந்த கீதாரிகள் வயல்களில் கிடை போட்டிருப்பார்கள். ராத்திரிக்கு இத்தனை ஆடு, இத்தனை ரூபாய் என்று பேச்சு. எருவுக்கு மிராசுதாரர் கூலி கொடுக்கிறார். ஒரு படிவமும் இல்லாமல் நடக்கும் வர்த்தகம். எந்த வங்கியும் கீதாரிக்குக் கடன் தருவதற்குத் தயங்கும், விலாசம் இல்லையே.

இப்போது ஒரு புதிய பெயர் வந்திருக்கிறது, இம்பாக்ட் முதலீடு. 2007இல் இத்தாலியில் கோமோ ஏரிக்கரையில் ராக்பெல்லர் நிதியம் கூட்டிய கூட்டத்தில் சூட்டப்பட்ட பெயர். தமிழில் 'தாக்க முதலீடு' என்கிறார்கள், யாரையோ அடிக்கப் போவதுபோல. லாபமும் வேண்டும், நன்மையும் வேண்டும், நன்மையை அளந்தும் காட்டவேண்டும் என்பது கொள்கை. இந்தியாவில் 2022இல் செபி சமூகப் பங்குச் சந்தைக்கு விதி வகுத்தது. அதில் ஒரு பத்திரம்: வட்டியும் கிடையாது, அசலும் திரும்பாது. பணம் போட்டவருக்கு நன்மை நடந்ததற்கான அறிக்கை மட்டும் வரும். எங்கள் கிளையில் இதைச் சொன்னபோது சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. விளக்குக்கு ஆடு கொடுத்தவரும் அதே பத்திரத்தைத்தான் வாங்கினார். அவருக்கு அறிக்கை, எரியும் விளக்கு.

மேய்ச்சலுக்கு இப்பணம் பெரிய அளவில் போன இடம் கென்யாவின் வடபகுதி. 2004இல் தொடங்கிய வடக்கு மேய்ச்சல்நில அறக்கட்டளை என்ற ஸ்தாபனம், சம்புரு, போரானா முதலிய மேய்ப்பர்களின் நிலங்களைச் சமூகக் காப்பகங்களாகத் திரட்டியது. மேய்ச்சலை முறைப்படுத்தினால் மாட்டை நல்ல விலைக்கு வாங்கிச் சந்தைக்குக் கொண்டுபோவோம் என்றது. யோசனையில் தப்பில்லை. புல்லுக்கும் மாட்டு விலைக்கும் முடிச்சுப் போட்ட அபூர்வமான யோசனை அது. அடுத்த படியில், அந்தப் புல் மண்ணில் பிடித்துவைக்கும் கரியையே விற்கலாம் என்று கண்டார்கள். அங்கேதான் கணக்குப் புரண்டது. எந்த மாதம் எங்கே மேய்ப்பது என்பது தலைமுறைகளாகப் பெரியவர்கள் கூடித் தீர்மானித்த விஷயம். அது இப்போது கரிக் கணக்கின் ஒரு பத்தியாயிற்று. 2023இல் சர்வைவல் இன்டர்நேஷனல் இதைக் கடுமையாகத் தாக்கி எழுத, சான்று கொடுத்த வெர்ரா நிறுவனம் மறுபரிசீலனைக்கு எடுத்தது. 2025 ஜனவரியில் இசியோலோ நீதிமன்றம், இரண்டு காப்பகங்கள் ஜனங்களின் முறையான சம்மதமில்லாமல், சட்டத்துக்கு மாறாக அமைக்கப்பட்டவை என்று தீர்ப்பளித்தது. எங்கள் கடன் படிவம் புல்லைப் பார்க்கவே இல்லை. அவர்கள் பார்த்தார்கள், புல்லைப் பார்த்த வேகத்தில் மேய்ப்பவரின் சொல் பின்னால் போயிற்று.

நம்மூரிலும் இரண்டாவது வியாதி இல்லாமலில்லை. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலைத் தடை செய்தது. சில நாளில் அதைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிக் காப்பகம் என்று குறுக்கியது. தேனிப் பக்கத்து மலைமாட்டுக்காரர்களுக்கும் பர்கூர் மலையின் செம்மாட்டுக்காரர்களுக்கும் அந்தச் சில நாள் எப்படி இருந்திருக்கும்? 2017இல் மெரினாவில் காளைக்காகத் திரண்ட கூட்டத்தில் நூறில் ஒரு பங்கு அப்போது புல்லுக்காகத் திரளவில்லை.

கொறங்காட்டுக்குத் திரும்புகிறேன், ஏனெனில் அங்கேதான் புல் பிழைத்தது. 2009இல் குட்டப்பாளையத்தில் தொடங்கிய சேனாபதி காங்கேயம் கால்நடை ஆராய்ச்சி அறக்கட்டளை மாட்டையும் கொறங்காட்டையும் சேர்த்தே பேசியது. அதில் தெளிவு இருக்கிறது. ஆனால் பிழைத்ததற்குக் காரணம் வேலி. வேலி என்றால் பட்டா. பட்டா என்றால் கவுண்டர். கொங்கு மேய்ச்சலைப் பற்றி நமக்குக் கிடைத்த நேர்மையான சரித்திரம் எந்த ஆராய்ச்சி நிலையத்திலும் இல்லை. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'யில் இருக்கிறது. பண்ணையத்தில் விடப்பட்ட சக்கிலியப் பையன் ஆட்டின் பின்னால் போகிறான். புல், கள்ளி, கிணறு, பனை, ஒவ்வொன்றும் அவனுக்குப் பேர் பேராகத் தெரியும், ஒன்றும் அவனுடையதல்ல. கி. ராஜநாராயணனின் 'கிடை'யிலிருந்து சு. தமிழ்ச்செல்வியின் 'கீதாரி' வரை நம் நாவல்கள் இவ்விஷயத்தில் நம் பொருளாதாரக்காரர்களைவிட முன்னால் நிற்கின்றன. 'சமூகப் பாதுகாப்பு' என்று அறிக்கைகளில் எழுதும்போது அந்தச் சமூகத்துக்குள் வேலிக்கு எந்தப் பக்கம் யார் என்று இந்த நாவல்களைப் படித்தவன் கேட்காமல் இருக்க முடியாது. நிலமில்லாத ஆட்டுக்காரர் கொறங்காட்டைக் குத்தகைக்கு எடுக்கிறார். குத்தகை எடுத்தவருக்கு வேலியைச் செப்பனிட என்ன ஆசை இருக்கும்? நிலக்காரரோ காற்றாலைக்கும் சோலார் தகட்டுக்கும் விலை பேசிக்கொண்டிருக்கிறார். புல் தரும் வருமானத்தோடு ஒப்பிட்டால் அவரைக் குற்றம் சொல்ல எனக்கு நா எழவில்லை.

கிளுவையை விதை போட்டு வளர்க்க வேண்டியதில்லை. போத்து வெட்டி மழைக்கு முன் நெருக்கமாக நட்டால் வேர் பிடிக்கும். பிடித்தபின் அடர்ந்து முள்வேலியாக இறுகுவதற்கும், உள்ளே விதைத்த கொழுக்கட்டைப் புல் வேரூன்றுவதற்கும் இரண்டு மூன்று வருஷம் மாட்டை உள்ளே விடாமல் சாத்திவைக்கவேண்டும். அதுவரை அந்த நிலத்தில் வருமானம் இல்லை. தென்னங்கன்றுக்கும் மாங்கன்றுக்கும் கடன் கொடுக்கும்போது, காய்க்கும் வரை தவணை கேட்காமல் காத்திருக்க எங்கள் விதிகளில் வழி உண்டு. அவகாசக் காலம் என்று அதற்குத் தனிக் கட்டமே இருக்கிறது. புல்லுக்காக அந்தக் கட்டத்தை நிரப்பிய ஒரு விண்ணப்பம் இதுவரை என் மேஜைக்கு வந்ததில்லை.